ஒரு பிரேம்கூட இல்லை

அத்தியாயம் 14

வெள்ளிக்கிழமை அன்றைக்குச் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை என்பது அந்த வீட்டில் ஒரு பெண்ணின் பெயர். கடல் தாண்டி இருக்கும் கூட்டுத் தயாரிப்பாளர். வாரத்தில் மற்ற ஆறு நாளும் அவளுக்கு மெயில் போட்டால் கிணற்றில் கல்லைப் போட்ட மாதிரிதான். வெள்ளிக்கிழமை காலை மட்டும் தவறாமல் கூப்பிடுவாள். நான்கு வருஷமாக இப்படியே நடந்ததில் அவளுடைய நிஜப் பெயர் வீட்டில் எல்லோருக்கும் மறந்துபோயிற்று.

அதனால் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு லேப்டாப்பில் அவள் முகம் வந்து நின்றதும் பெரியவள் கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்தாள். அவள் ஊரில் இன்னும் சரியாக விடிந்தே இருக்காது.

பெரியவளை வாசகர்களுக்குத் தெரியும். தம்பி இயக்கப்போகும் படத்துக்காக வீட்டுச் சாப்பாட்டு மேசையையே ஆபீஸ் ஆக்கிக்கொண்டு, அந்த மேசையில் யாரையும் நிம்மதியாகச் சாப்பிட விடாமல் நான்கு வருஷமாகக் காகிதம் பரப்பி வைத்திருப்பவள். மூன்று நாட்டுக் கூட்டுத் தயாரிப்பு அது. மூன்று அரசாங்கமும் ஒப்பந்தப்படி அதைத் தங்கள் சொந்தப் படமாக ஏற்றுக்கொண்டு ஆளுக்கொரு பங்கு நிதி தரும். ஒரு நாடு கையை எடுத்தால் மற்ற இரண்டும் எடுத்துவிடும். முக்காலிக்கு எந்தக் கால் முறிந்தால் என்ன?

கேமரா இந்த நாட்டுக்காரர், எடிட்டர் அந்த நாட்டுக்காரர், இசை மூன்றாவது நாடு என்று அட்டவணை போட்டு, திருத்தி, மறுபடி போட்டு, ஒருவழியாக அனுமதி தரும் கமிட்டி நாளைக்குக் கூடுகிறது. இனி நடுவில் எதுவும் வராது என்று பெரியவள் நேற்றுத்தான் அம்மாவிடம் சொல்லியிருந்தாள். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். தொண்டையில் கட்டி எடுத்து மூன்று வாரம் ஆகிறது. இன்னும் பத்து நாளைக்கு வாயைத் திறக்கக்கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. திறந்தாலும் பழைய குரல் திரும்பாது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வணக்கம் சொல்லவில்லை. அவள் பேசுவது வேறு பாஷை. நம் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்.

"உன் தம்பி ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரு வீடியோ அனுப்பினான். ரெண்டு தடவை பார்த்தேன். அந்த அம்மா யாரு?"

"எந்த அம்மா?"

"ஜன்னல் பக்கத்துல உட்கார்ந்து போன் பேசறாங்களே, அவங்க."

பெரியவளுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாத முகத்தை வெள்ளிக்கிழமையும் பார்த்தாள். பார்த்துவிட்டு, வேலைநிறுத்தம் அறிவிக்கிறவள் மாதிரி நிதானமாகக் கேட்டாள்.

"எப்ப எடுத்தது?"

"எனக்குத் தெரியாது."

அது உண்மை. அதைவிட மோசமான பதில் வேறு இருந்திருக்க முடியாது. ஏனென்றால் இரண்டு வாரத்துக்கு முன்னால், பக்கத்துக்குப் பக்கம் சுருக்கொப்பம் வைத்து, பெரியவள் ஓர் உறுதிமொழி அனுப்பியிருந்தாள். 'அனுமதிக் கடிதம் கிடைக்கும் முன்பாக இப்படத்துக்கென ஒரு பிரேம்கூடப் படமாக்கப்படவில்லை, ஒரு சொல்கூட ஒலிப்பதிவு செய்யப்படவில்லை.' கூட்டுத் தயாரிப்பில் எந்த விதியை வளைத்தாலும் இந்த விதியை வளைக்க முடியாது. எடுக்க ஆரம்பித்துவிட்ட படத்துக்கு எந்த நாடும் நிதி தராது.

"நீ பொய் சொல்லலைன்னு தெரியுது," என்றாள் வெள்ளிக்கிழமை. "ஆனா பார்த்ததைப் பார்க்கலைன்னு சொல்ல எனக்கு வராது. ஒரு வழி இருக்கு. அது சோதனைப் பதிவுன்னு ஒரு கடிதம் குடு. எந்தத் தேதி, எவ்வளவு நீளம், யார் எடுத்தது எல்லாம் எழுது. அதுல இருக்கற படமோ குரலோ சினிமாவுல வராது, இதைத் தவிர வேற எந்தப் பதிவும் உங்க கையில இல்லை. ரெண்டையும் எழுதிக் கையெழுத்துப் போடு. உங்க நேரம் நாலு மணிக்குள்ள வரணும். வரலைன்னா நாளைக்குக் கமிட்டி மேசையில உங்க ஃபைல் இருக்காது."

திரை அணைந்தது. ஒரு நிமிஷத்தில் அந்த வீடியோவின் இணைப்பும் வந்து சேர்ந்தது. பெரியவள் அதைத் திறக்கவில்லை. திறந்தால் கோபம் குறைந்துவிடுமோ என்ற பயம்தான்.

*

தம்பி, சின்னவன், ஊருக்கு வெளியே ஒரு காலிக் கிடங்கில் இருந்தான். செட் போடுவதற்கு முன்னால் தரையில் அளவெடுத்து டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். வெறும் சிமென்ட்டுத் தரையில் வெள்ளை டேப்பால் ஒரு சமையலறை, ஒரு கதவு, ஒரு ஜன்னல். அளவெடுப்பதற்கு அனுமதி தேவையில்லை. அந்த ஒரு வேலைக்குத்தான் தேவையில்லை.

பெரியவள் டேப் சுவரைத் தாண்டி நேராகச் சமையலறைக்குள் போய் நின்றாள்.

"கதவு அந்தப் பக்கம்," என்றான் அவன், நிமிராமலே.

"ஞாயித்துக்கிழமை யாருக்குடா என்ன அனுப்பின?"

டேப் சுருளைக் கீழே வைத்தான். நிமிர்ந்தபோது அவன் முகத்தில் குற்ற உணர்ச்சியே இல்லை. பரீட்சைத் தாளைத் திருத்தி வாங்க வந்தவன் மாதிரி ஆவலாக இருந்தான்.

"பார்த்தாளா? என்ன சொன்னா?"

"யாருன்னு கேட்டா. எப்ப எடுத்ததுன்னு கேட்டா. யாரு அது?"

"நம்ம அம்மாதான். கதையில வர்ற அம்மாவா."

பெரியவள் டேப் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். அவனே தொடர்ந்தான்.

"ஆபரேஷனுக்கு முந்தின நாள், வீட்டுலயே. நீ வக்கீலைப் பார்க்கப் போயிருந்த. நாலு மணி நேரம் இருந்துச்சு, எடுத்துட்டோம். ஆஸ்பத்திரிக்காரங்க திடீர்னு தேதியை முன்னாடி தள்ளுவாங்கன்னு யாருக்குத் தெரியும்? உன் அனுமதி வர்றதுக்கு இன்னும் ஆறு வாரம்னு சொன்ன. அம்மா குரலுக்கு ஒரு ராத்திரிதான் இருந்துச்சு."

"என் அனுமதியா? அது என் அனுமதியாடா?"

"சரி, அவங்க அனுமதி."

"எடுத்ததுகூடப் போகட்டும். எடுத்ததை எதுக்கு அவளுக்கே அனுப்பின? திருடிட்டு, போலீஸ் ஸ்டேஷன் வாசல்லயே கொண்டுபோய் வெச்சுப் பெருமையா காட்டுவாங்களா?"

இதற்குத்தான் அவன் கொஞ்சம் தயங்கினான்.

"கதையில அம்மா பாத்திரம் பலமா இல்லைன்னு அவ எழுதியிருந்தா. மூணு பக்கத்துக்கு. எனக்கு ரோஷம் வந்துடுச்சு. பேசிப் புரியவைக்க முடியாது, பாருன்னு அனுப்பிட்டேன்."

நான்கு வருஷ உழைப்பைத் தம்பியின் ரோஷம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் சாப்பிட்டுவிட்டது. பெரியவளுக்கு அழுகை வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. அதுவும் நல்ல சிரிப்பு இல்லை. இவனுக்கு யாராவது குறை சொன்னால் பொறுக்காது. அஞ்சாவது படிக்கும்போது வரைந்த படத்துக்கு மார்க் குறைந்தது என்று டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டியவன்.

"சோதனைப் பதிவுன்னு எழுதிக் குடுத்தா விடறேன்னு சொல்றா."

"அவ்வளவுதானே? எழுதிடு."

"எழுதினா அதைப் படத்துல வெக்க முடியாது. படமும் கூடாது, குரலும் கூடாது."

"வெச்சுப்போம். யாருக்குத் தெரியப்போகுது?"

"அவ பார்த்துட்டாடா. ரெண்டு தடவை பார்த்திருக்கா. நீதான் காட்டின."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. டேப் ஒட்டிய ஜன்னலின் கீழ், தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அம்மா இல்லாம இந்தப் படம் எனக்கு வேண்டாம்."

"அனுமதி இல்லாம இந்தப் படம் யாருக்குமே கிடையாது."

"நீ கையெழுத்துப் போட்டா, டைரக்டர் பேருல வேற யாரையாவது எழுதிக்கோ."

எழுதிக்கொள்ளவும் முடியாது. அட்டவணையில் இயக்குநர் இந்த நாட்டுக்காரர் என்றுதான் கணக்கு. அவன் விலகினால் அதுவும் விழும். அது தெரிந்துதான் சொல்கிறானா, தெரியாமல் சொல்கிறானா என்று அவளுக்கு விளங்கவில்லை. எதுவாக இருந்தாலும் அறையலாம் போலிருந்தது. கிளம்பும்போதுதான் ஒன்று உறைத்தது.

"எடுத்துட்டோம்னியே. ஒலி யாரு எடுத்தா?"

சின்னவன் தரையைப் பார்த்தான்.

"மாமா."

*

பெரியவளின் கணவர் தொழிலில் ஒலிப்பதிவாளர். வீட்டில் அவருக்கு 'மைக் மாப்பிள்ளை' என்று பெயர். மைக்கை நீட்டத் தெரியுமே தவிர, வாயைத் திறக்கத் தெரியாது என்று மாமியார்வீட்டுக் கேலி. பெரியவள் பஸ்ஸில் நின்றபடியே கூப்பிட்டாள்.

"நீங்களுமா?"

மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் துல்லியமாகக் கேட்டது.

"அத்தை உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னாங்க," என்றார் கடைசியில்.

"அம்மாவே சொன்னாங்களா?"

"ம். அவங்கதான் எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டாங்க."

மூன்று வாரம். தினமும் ஒரே மேசையில் முகத்தைப் பார்த்துக்கொண்டு மூன்று வாரம். உறுதிமொழியில் அவள் பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டபோது எதிரே உட்கார்ந்து காகிதம் பறக்காமல் பிடித்துக்கொண்டது இந்த மனுஷன்தான். வீட்டில் எல்லோருக்கும் தெரியும், கையெழுத்துப் போடுகிறவளுக்குத் தவிர. பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தபோதுதான், தான் கம்பியை ஓங்கித் தட்டியிருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

*

அம்மா மேசையின் ஒரு மூலையில், பெரியவளின் காகிதங்கள் கலையாதபடி ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் கட்டு. முன்னால் ஒரு எழுது அட்டையும் தடித்த பேனாவும். முப்பத்திரண்டு வருஷம் பதிவாளர் அலுவலகத்தில் வேலை பார்த்தவள் அம்மா. ஒரு இடத்தில் முத்திரை விட்டுப்போனால் மனுவையே திருப்பி அனுப்பியவள். விதி என்றால் என்ன என்று பெரியவள் கற்றுக்கொண்டதே அங்கேதான்.

அதனால்தான் கோபம் இரண்டு மடங்காக வந்தது.

"அவனுக்குத்தான் புத்தி இல்ல. அவரு வாயில்லாப் பூச்சி. உனக்கு என்னம்மா? ஒரு கையெழுத்துன்னா என்னன்னு உனக்குத் தெரியாதா? நான் பொய்ச் சத்தியம் பண்ணிட்டு உட்கார்ந்திருக்கேன். நீயும் பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்துட்டிருந்த."

அம்மா எழுதினாள். பேனா அட்டையில் கிறீச்சிட்டது. திருப்பிக் காட்டினாள்.

'சொல்லியிருந்தா நீ என்ன சொல்லியிருப்ப?'

பெரியவள் அதை இரண்டு தடவை படித்தாள். அனுமதி வரட்டும் என்றுதான் சொல்லியிருப்பாள். வேறென்ன சொல்வாள்? ஆறு வாரம் பொறு என்று சொல்லியிருப்பாள், குரலைப் பார்த்து.

"அதுக்காக?"

அம்மா துடைத்துவிட்டு மறுபடி எழுதினாள். இந்தத் தடவை நேரம் எடுத்தது.

'சினிமாவுக்காக இல்ல. எங்கயாவது ஒரு இடத்துல இருக்கட்டும்னு தோணிச்சு. தப்புதான். நீ கையெழுத்துப் போடு.'

"போட்டா உன் சீன் போயிடும்மா."

அம்மா தோளைக் குலுக்கினாள். அப்புறம் அட்டையின் மூலையில், சின்ன எழுத்தில், அலுவலகப் பழக்கத்தில் எழுதினாள். 'தேதியை மறக்காம போடு.'

*

கடிதத்தை எழுதுவது ஒன்றும் கஷ்டமாக இல்லை. இத்தனை வருஷத்தில் இப்படி எத்தனையோ எழுதியாயிற்று. தேதி போட்டாள். எடுத்தவர், ஒலி, இடம். 'நீளம்' என்ற இடத்தில் வந்து நின்றது. அதற்கு வீடியோவைத் திறந்தாக வேண்டும்.

மணி மூன்று இருபது. திறந்தாள்.

இதே அறைதான். ஜன்னல் பக்கத்தில் அம்மா, காதில் போன். கதைப்படி, கப்பலில் வேலைக்குப் போன மகனுக்குக் கூப்பிடுகிறாள். அவன் எடுக்கவில்லை. செய்தியாகப் பேசிவைக்கிறாள். அந்தக் குரல் அறையில் நிறைந்ததும் பெரியவள் தன்னையறியாமல் சத்தத்தைக் குறைத்தாள். அடுத்த அறையில் அம்மா படுத்திருக்கிறாள்.

"நீ வேலையா இருப்ப, தெரியும். ஒண்ணும் இல்ல, சும்மாதான் கூப்பிட்டேன். எடுக்கணும்னு இல்ல. மணி அடிக்குதே, அது போதும். போன் உன் பக்கத்துல இருக்கு, நீயும் அங்கதான் இருக்கன்னு ஒரு தைரியம். மழை வந்தா அந்த ஜன்னல் ஒழுகுது, அதை யாரும் கவனிக்கறதில்ல. நீ வந்து ஏதாவது காகிதத்தை மடிச்சு வெப்ப. வந்து வை, பாப்பு. அவசரம் இல்ல."

பாப்பு என்று மகனை யார் கூப்பிடுவார்கள்? இந்த வீட்டில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் அந்தப் பெயர். வசனத்தை மறந்து அம்மா தடுமாறிவிட்டாள். சின்னவன் கட் சொல்லவில்லை.

பெரியவள் அந்த ஜன்னலைப் பார்த்தாள். இடுக்கில் நான்காக மடித்த காகிதம் இன்னும் செருகியிருந்தது. அவளே மடித்துச் செருகிய, இரண்டு வருஷத்துக்கு முந்தைய பட்ஜெட் பக்கம். அவள் அழுதாள், அதைச் சொல்லிவிடுவதுதான் மரியாதை. துடைத்துக்கொண்டு, நீளம் என்ற இடத்தில் 'நான்கு நிமிடம், பதினொரு வினாடி' என்று எழுதினாள். அதற்குக் கீழே, 'இதிலுள்ள ஒரு காட்சியோ ஒரு சொல்லோ திரைப்படத்தில் இடம்பெறாது. இதைத் தவிர வேறெந்தப் பதிவும் எங்களிடம் இல்லை, அனுமதி கிடைக்கும்வரை இருக்காது.'

கையெழுத்துப் போட்டாள். ஸ்கேன் செய்து அனுப்பினாள். மூன்று நாற்பத்தெட்டு.

மூன்று ஐம்பதுக்குச் சின்னவன் உள்ளே வந்தான். கையில் டேப் ஒட்டிக்கொண்டிருந்தது. மேசையில் கிடந்த கடிதத்தின் நகலைப் படித்தான்.

"போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்."

"அதைப் பார்த்தியா? பார்த்துட்டுமா போட்ட?"

"பார்த்துட்டுத்தான் போட்டேன்."

"நீ மனுஷியா? ஃபைலா?"

"ஆமாடா, ஃபைல்தான். உன் ஒவ்வொரு ரோஷத்துக்கும் பின்னாடி வந்து நின்னு நின்னு ஃபைலாவே ஆயிட்டேன். நீ கலைஞன், உனக்கு அவசரம். நான் யாரு? கூப்பிடாத வீட்டுக்குக் காவல். அம்மா குரல் உனக்கு மட்டும்தான் போச்சா? என்னையும் கூப்பிட்டிருந்தா நானும் ஒரு ஓரமா நின்னு கேட்டிருப்பேன்ல? கடைசித் தடவைடா. எனக்குக் கேட்க வேண்டாமா?"

இதை அவள் சொல்ல நினைத்திருக்கவில்லை. காலையிலிருந்து விதி, உறுதிமொழி, கமிட்டி என்று எதை எதையோ பேசிக்கொண்டிருந்தவளுக்கே, உள்ளே இருந்தது இதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது.

சின்னவனும் விடுவதாக இல்லை. "நீ நின்னிருக்க மாட்ட, தடுத்திருப்ப," என்றான். அவள் அட்டவணையை எடுத்து அவன் மேல் எறிந்தாள். அவன் அதைக் குனிந்து எடுக்கவில்லை, மிதித்தான். குரல்கள் ஏறின.

"போதும்."

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

அறை வாசலில் அம்மா. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அட்டையும் பேனாவும் கையில் இல்லை. அந்தச் சொல் அவள் வாயிலிருந்துதான் வந்தது என்று நம்புவதற்கு ஒரு கணம் ஆயிற்று. தரையில் நாற்காலியை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். பாதிச் சொல், மீதிக் காற்று.

"அம்மா, பேசக்கூடாது," என்று ஓடினாள் பெரியவள்.

அம்மா கையைக் காட்டி அவளை நிறுத்தினாள். இன்னும் இருந்தது சொல்ல.

"சண்டை... போட்டா... யாரு என்னைக் கேட்பா? இதுதான்... இனிமே என் குரல். பழகிக்கோங்க." மூச்சு வாங்கினாள். எச்சிலை விழுங்க முகம் கோணியது. "பாப்பு. ஜன்னல் ஒழுகுது. வந்து... பாரு."

கிட்டத்தட்ட வீடியோவில் கேட்ட அதே சொற்கள்தான். ஆனால் அங்கே கேட்டது நம்பிக்கையோடு காத்திருந்த ஒரு அம்மாவின் குரல். இங்கே கேட்டது காத்திருந்து தேய்ந்துபோன குரல். படத்துக்கு எது வேண்டும் என்று பெரியவளைக் கேட்டால், நான்கு வருஷமாகச் சினிமாவைக் காகிதத்தில் மட்டுமே பார்த்தவளால்கூடச் சொல்லிவிட முடியும்.

அவள் தம்பியைப் பார்த்தாள். அவனும் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், கண்ணைக்கூட இமைக்காமல். அவன் வலது கை மட்டும் மெதுவாகச் சட்டைப்பையிலிருந்து வெளியே வந்தது.

பைக்குள் போன் நிமிர்ந்து நின்றிருந்தது. மெல்லிய துணிக்கு உள்ளே ஒரு சிவப்புப் புள்ளி விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. பதிவு ஓடுகிறது.

மேசையில் லேப்டாப் மணியடித்தது. வெள்ளிக்கிழமையின் பதில். 'கடிதம் கிடைத்தது. உன் சொல்லை நம்பி நாளைக்குக் கமிட்டி முன் நிற்கிறேன்.'

அதை நிறுத்து என்று சொல்லப் பெரியவள் வாயைத் திறந்தாள். அம்மா மறுபடி பேச ஆரம்பித்தாள். பெரியவள் வாயை மூடிக்கொண்டாள்.